தண்ணீர் லாரி வந்த பிறகு

எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மேஜை இருக்கிறது. பெயர் என்ன, வயது என்ன, எங்கே குடியிருப்பு, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டு எழுதுவதற்காக இருபத்திரண்டு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். முகவரி தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று போட்டுவிடலாம். வயதை முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டுவிடலாம். மணிக்கான கட்டம் மட்டும் அப்படி இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு இன்னும் மோசம். நாலு எண் விழாமல் அடுத்த பக்கம் திறக்காது. உயிர் போய்க்கொண்டிருந்தாலும் திறக்காது.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குத் துபாசி என்று பெயர். பழைய கண்காணிப்பாளர் ஒருவர் கிண்டலாகக் கூப்பிட்டது ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பளச் சீட்டில் 'மொழி உதவியாளர், ஒப்பந்தம்' என்று இருக்கும். நான் அக்கா என்பேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

ஊருக்கு வெளியே கல்குவாரி இருக்கிறது. அங்கே பாறையில் துளை போடவும் வெடி வைக்கவும் கல் சுமக்கவும் மலைப்பக்கத்திலிருந்து வந்த சனங்கள் மூன்று தலைமுறையாக லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பாஷை எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவருடைய அப்பா குவாரி வாசலில் டீக்கடை வைத்திருந்தார். அக்கா நடை பழகியதே அந்தக் கல்தூசியில்தான். அவருக்குத் தமிழ் வீட்டில் வந்தது, அந்த பாஷை தெருவில் வந்தது. இரண்டிலும் சண்டை போடுவார். சண்டை போடத் தெரிந்தால்தான் பாஷை தெரிந்த மாதிரி என்பது அவர் கட்சி.

அந்தச் சனங்களிடம் மணி கிடையாது. கடிகாரம் வாங்க வக்கில்லை என்று சொல்லவில்லை. பையன்கள் கையில் எல்லாம் போன் இருக்கிறது. நேரத்தை எண்ணால் சொல்லும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், தண்ணீர் லாரி வந்ததும் என்பார்கள். லாரி வந்து, குடம் நிறைந்து, அடுப்பு பற்றினால் அன்றைக்கு விடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் முதல் வேன், பிறகு வெடி, பிறகு நிழல் வேலியைத் தொடுவது, பிறகு கடைசி வேன். பிள்ளைகளின் வயதைக் கேட்டால், குவாரியின் மூன்றாவது படியை வெட்டிக்கொண்டிருந்தபோது பிறந்தான், நாலாவது படியில் பிறந்தாள் என்பார்கள். காய்ச்சல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்பார். இரண்டு சந்தை போய்விட்டது என்று பதில் வரும்.

இதைச் சொல்லி எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்காது. 'அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்' என்று போனில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் நாம். கல்யாணப் பத்திரிகையில் மணியைப் பொன்னெழுத்தில் அச்சடித்துவிட்டு, பந்தி முடிகிற நேரத்துக்குப் போய் நிற்கிறவர்கள். அவர்களாவது இல்லாததை இல்லை என்று வைத்திருக்கிறார்கள். நம்மிடம் நிமிஷக்கணக்கில் எல்லாம் இருக்கிறது, வாயளவில்.

அக்கா கட்டிக்கொண்டதோ பஸ் நிலையத்து டைம் கீப்பரை. எங்கே போய்ப் பிடித்தார் பாருங்கள். அந்த மனிதர் நிமிஷத்திலேயே மூச்சு விடுகிறவர். ஏழு நாற்பத்திரண்டுக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஏழு நாற்பத்துமூன்றுக்குக் கிளம்பினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒரே வீட்டில் நிமிஷமே தெரியாத பாஷை ஒன்றும், நிமிஷத்தை விட்டால் வேறு தெரியாத ஆள் ஒருவரும். இருந்தும் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. அதற்கு ஒரு நோட்டுப்புத்தகமே சாட்சி.

அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு. இடது பக்கத்தில் அக்கா எழுதியிருப்பார்: தண்ணீர் லாரி, முதல் வேன், பள்ளிக்கூட மணி, வெடி, வேலி நிழல். வலது பக்கத்தில் அவர் புருஷன் எழுதியிருப்பார்: 6.00, 7.50, 9.10, 12.30, 4.45. டைம் கீப்பர் இல்லையா, குவாரிப் பக்கம் போகிற டிரைவர், கண்டக்டர் எல்லாரையும் விசாரித்து மாதா மாதம் திருத்துவார். வேன் பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆனாலும் பழையதை அடித்துப் புதியதை எழுதி, பக்கத்தில் தேதியும் போடுவார். அக்கா நோயாளியின் வாயிலிருந்து சொல்லை வாங்குவார், நோட்டைப் புரட்டுவார், எண்ணைச் சொல்வார், நான் கட்டத்தை நிரப்புவேன். இப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

எண்ணைச் சொல்லாக மாற்றுவதிலும் அக்கா கெட்டிக்காரர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று டாக்டர் சொன்னால், அதை லாரி வந்ததும் ஒன்று, வெடி போட்டதும் ஒன்று, கடைசி வேன் திரும்பியதும் ஒன்று என்று சொல்லி அனுப்புவார். டாக்டர்கள் காப்பாற்றியதில் பாதியை இந்த அம்மா காப்பாற்றினார் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன்.

டைம் கீப்பர் நெஞ்சுவலியில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த நோட்டின் வலது பக்கத்தை யாரும் தொடவில்லை. நான் ஒரு தடவை, கொடுங்கள் புதிதாக எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். அவர் கையெழுத்து இருக்கட்டும் என்று அக்கா பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை துணி மாதிரித் தொங்கியது. கூட வந்தவர் புருஷன், குவாரியில் துளை போடுகிறவர். பின்னாலேயே மகள், பதினைந்து வயதிருக்கும், அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது. நன்றாக இருந்த ஆள் விழுந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு. அதைத் தாண்டிப் போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். அதனால் அந்த நோயில் டாக்டருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள்?

அன்றைக்கு இருந்தவர் இளம் டாக்டர். கெட்டவர் இல்லை, பதற்றக்காரர். "அம்மா, மணி சொல்லச் சொல்லுங்க. கதை வேண்டாம், மணி," என்று அக்காவின் தலைக்கு மேலேயே நின்றார்.

துளைக்காரர் பேசினார், அக்கா கேட்டுக்கொண்டார். தண்ணீர் லாரி வந்த பிறகு மூன்றாவது குடத்தைத் தூக்கும்போது விழுந்தாள், உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம், கையைத் தேய்த்துவிட்டோம், தூங்கினாள், வேன் வந்ததும் ஏற்றிக்கொண்டு வந்தோம். இதுதான் அவர் சொன்னது. பிற்பாடு அக்கா எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னார்.

மற்ற நாளாக இருந்தால் அக்கா குடைந்து கேட்பார். வெளிச்சம் வந்துவிட்டதா, கோழி இறங்கிவிட்டதா, பிள்ளைகள் எழுந்துவிட்டார்களா என்று நாலு கேள்வி கேட்டுத்தான் நோட்டைத் திறப்பார். அன்றைக்கு டாக்டர் "மணி, மணி" என்று உயிரை எடுத்தார். நோட்டில் தண்ணீர் லாரிக்கு எதிரே 6.00 என்று இருந்தது. மூன்றாவது குடம் என்றால் அரை மணி. அக்கா "ஆறரை" என்றார். நான் 0630 என்று தட்டினேன். பக்கம் திறந்தது. கணவர் சொன்ன தகவல் என்று அச்சாகி வந்த தாளில் துளைக்காரரின் பெருவிரலைப் பிடித்து நானே கைநாட்டு வைத்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்பது நாற்பதுக்கு ஊசி போட்டார்கள். ஒரு மணிக்கு அந்தப் பெண் வாந்தி எடுத்தாள், பிறகு நினைவு தப்பியது. மூளையில் ரத்தக்கசிவு. மறுநாள் காலையில் செத்துப்போனாள்.

இந்த ஊசியில் இப்படி ஆவதும் உண்டு, சரியான நேரத்தில் போட்டாலும் சிலருக்கு ஆகும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அது உண்மைதான். இன்றைக்கு வரைக்கும் யாராலும் இதனால்தான் செத்தாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதை நான் எனக்கு எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் அக்கா பிள்ளைகள் வார்டில் இருந்தார். அப்போது செத்தவளின் அண்ணன் வந்து என் மேஜையைத் தட்டினான். லாரி ஓட்டுகிறவன், ஓரளவு தமிழ் தெரியும். என் தங்கச்சி இருட்டில் விழுந்தாள், வெயில் ஏறின பிறகு ஊசி போட்டிருக்கிறீர்கள் என்று கத்தினான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தத் தாளை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இதோ பாருங்க. உங்க மச்சான் சொன்னதுதான் இது. ஆறரை. கைநாட்டும் அவருதுதான்."

அவன் தாளைப் பார்த்தான். கத்துவதை நிறுத்திவிட்டான். வராந்தாவில் சுவரோடு உட்கார்ந்திருந்த துளைக்காரரிடம் போய் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டான். அவர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் அவரை விட்டு எழுந்து மாமன் பக்கம் போய் நின்றாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, நல்லவேளை, தாள் கையில் இருந்தது என்று நான் நினைத்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்படித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். "லாரி ஆறு மணிக்குத்தானே வரும், இருட்டு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அண்ணன்காரன் துக்கத்தில் உளறியிருப்பான் என்றார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நோட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ஒருவன் விரல் நசுங்கி வந்தான். தண்ணீர் லாரியின் வால்வில் மாட்டிக்கொண்டதாம். நம் ஆள்தான், தமிழ் பேசுகிறவன். என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். எங்கே? குவாரி லைனில். எத்தனை மணிக்கு? மூணே முக்காலுக்கு. நான் தட்டிக்கொண்டே, "அவ்வளவு விடியக்காலையிலயா?" என்று சும்மா கேட்டேன். தண்ணீர் லாரிக் கம்பெனி மாறியதிலிருந்து அப்படித்தானாம். முன்பு அந்த லைனுக்குக் கடைசியாகப் போகும், இப்போது முதல் நடையே அங்கேதான், மூன்றரைக்கு. ஐந்து மாதமாக.

பச்சை நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா நோட்டைத் திறந்து மடியில் வைத்திருந்தார். 6.00 என்ற அந்த எண்ணின் மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், அழிந்துவிடும் என்பது போல.

அந்தச் சனங்களுக்கு லாரி மூன்றரைக்கு வந்தால் என்ன, ஆறுக்கு வந்தால் என்ன? லாரி வந்தால் நாள் தொடங்கியது. இருட்டிலேயே எழுந்து, இருட்டிலேயே குடம் பிடித்து, சீக்கிரம் விடிந்துவிட்டது என்று வேலையைப் பார்த்தார்கள். துளைக்காரர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாத உண்மை. மூன்றாவது குடம் நாலு மணி. ஊசி போட்டது ஒன்பது நாற்பது. எண்ணத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தப்பாக எண்ணியவர்களும் நாங்கள்தான்.

அன்றைக்கு டீ இடைவேளையில் அக்கா, "நான் போய்ச் சொல்லிடறேன் தம்பி," என்றார். கண்காணிப்பாளரிடமும் சொல்ல வேண்டும், அந்த மனிதரிடமும் சொல்ல வேண்டும் என்றார். என் கைதானே தட்டியது, என் கைதானே அவர் விரலைப் பிடித்தது? ஆனால் நான் எனக்காகப் பேசவில்லை, அவருக்காகப் பேசுவது போலப் பேசினேன்.

"அக்கா, அவசரப்படாதீங்க. விசாரணை முடியட்டும். உங்க ஒப்பந்தம் மாசக் கடைசியில முடியுது. இப்ப வாயைத் திறந்தீங்கன்னா புதுப்பிக்க மாட்டாங்க. நீங்க போயிட்டா அந்த சனங்களுக்கு இங்க யார் பேசுவா?"

கடைசியில் கேட்டேனே, அது நியாயமான கேள்வி. அதனால்தான் அது வேலை செய்தது. பொய்யான காரணமாக இருந்திருந்தால் அக்கா என்னைத் தூக்கி எறிந்திருப்பார்.

விசாரணை பதினைந்து நாளில் முடிந்தது. மூன்று பேர் குழு, ஏசி அறை. ஊழியர்கள் மேல் தவறில்லை, நோயாளியின் கணவர் தந்த நேரத் தகவல் பிழையானது என்று பூசி மெழுகி ஒரு பக்கத்தில் எழுதிவிட்டார்கள். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: கணவர் சொன்னதைத்தான் சொன்னீர்களா? அக்கா "தண்ணீர் லாரி வந்த பிறகுன்னு சொன்னார்" என்றாராம். அது எத்தனை மணி என்று தலைவர் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் தாளைப் பார்த்து "ஆறரை" என்றார். சரி, போகலாம் என்றுவிட்டார்கள். வெளியே வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது, "நான் சொல்லியிருக்கணும், நாக்கு ஒட்டிக்கிச்சு," என்று அழுதார். நான் கூடவே உட்கார்ந்து, ஆனது ஆகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும், பார்க்கலாம் என்றேன். நம் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வார்த்தை, பார்க்கலாம். எதையும் மறுக்காமலேயே கிணற்றில் போட்டுவிடலாம்.

அடுத்த புதன்கிழமை, குவாரி லைனிலிருந்து ஒரு தாய் இருமுகிற குழந்தையோடு வந்தாள். அக்கா அவளிடம் துளைக்காரரைப் பற்றி விசாரித்தார். அவர் வேலைக்குப் போவதில்லை. பெண்டாட்டியின் ஆட்கள் யாரும் அவரோடு பேசுவதில்லை. தப்பான எண்ணைச் சொல்லித் தங்கச்சியைக் கொன்றவன் என்று அண்ணன்காரன் லைன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். மகள் அவர் சமைத்ததைத் தொடுவதில்லை, பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறாள். தாய் சொல்லச் சொல்ல, அக்கா அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் கேட்காமலே மொழிபெயர்த்தார், பழக்க தோஷம்.

அவள் போனதும் அக்கா எழுந்து பையை மாட்டிக்கொண்டார். மணி மூன்று. "நான் இப்பவே போறேன்," என்றார்.

"இப்ப பஸ் கெடையாதுக்கா. ஞாயித்துக்கிழமை நானும் வரேன், சேர்ந்து போய்ச் சொல்லலாம். இத்தனை நாள் போச்சு, இன்னும் நாலு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

நானும் வருகிறேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தனியாகப் போகப் பயந்திருந்தார் போல. பையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கண்காணிப்பாளருக்கு எழுதிய கடிதம் அக்காவின் பையில் இருந்தது. அதை மறுநாள் கொடுத்தார், தன் மேல் மட்டும் தவறை எழுதி. என் பெயர் அதில் இல்லை. கோப்பை மூடியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது பச்சை நாற்காலியில் நோயாளிகளின் பைகளை வைக்கிறோம். குவாரிச் சனம் வந்தால் சைகைதான். நான் கேட்ட அந்த நியாயமான கேள்விக்குப் பதில் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போன லைன் வீடு ஒற்றை அறை. வாசலில் இரண்டு நீல டிரம், மூன்று குடம். உள்ளே பாய் சுருட்டி வைத்திருந்தது. ஒரு கயிற்றில் ஆண்பிள்ளைத் துணி மட்டும் காய்ந்தது. எதிர்ச் சுவரில் ஒரு புதுக் கடிகாரம். மேலே ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அந்த வரிசையில் நான் எட்டிப் பார்த்த எந்த வீட்டிலும் கடிகாரம் இல்லை.

துளைக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து பாயை விரித்தார். இளைத்திருந்தார். அக்கா பேசும் முன்பே அவர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். பக்கத்து லைனில் இருக்கும் நம் ஊர் வேன் டிரைவரிடம் மணி பார்க்கக் கற்றுக்கொண்டாராம். எண்களைத் தமிழிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார், அவர்கள் பாஷையில் அதற்குச் சொல் இல்லாததால். இனிமேல் யார் கேட்டாலும் தப்பாகச் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று அக்கா எனக்குச் சொன்னார்.

பிறகு அக்கா பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துச் சொன்னார். எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனால் என்ன சொல்கிறார் என்று ஒவ்வொரு வரியும் தெரிந்தது. துளைக்காரர் நடுவில் ஒன்று கேட்டார், அக்கா பதில் சொன்னார். மறுபடியும் அதையே கேட்டார். மூன்று தடவை. "ஆறரைன்னு நான் சொல்லலையான்னு கேக்கறார்," என்றார் அக்கா என் பக்கம் திரும்பாமல். "அந்தத் தாள்ல கைநாட்டைப் பார்த்ததும், பயத்துல சொல்லிட்டோம் போலன்னு நம்பிட்டாராம்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் அடிக்கவில்லை. எப்போதிலிருந்து உங்களுக்கு இது தெரியும் என்று கேட்டார். அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, சந்தையில் சொல்லாமல், வெடியில் சொல்லாமல், அவர் புதிதாகக் கற்ற எண்ணிலேயே சொன்னார். "இருபத்து நாலு நாள்."

அவர் தலையாட்டினார். பொண்ணைக் கூப்பிடுங்கள், அவளிடம் நானே சொல்கிறேன் என்றார் அக்கா. வந்த காரியமே அதுதான். துளைக்காரர் கயிற்றில் தொங்கிய துணியைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். புரியாத அந்தப் பேச்சுக்கு நடுவில் சில தமிழ்ச் சொற்கள் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டன.

"வியாழக்கிழமை. ஏழு இருபது."

அக்கா நோட்டை மூடினார். பிறகு எனக்குச் சொன்னார். "மாமன் வந்து கூட்டிட்டுப் போயிட்டானாம். வேலையை விட்டுட்டு, வீட்டையும் காலி பண்ணிட்டு. எந்த ஊருன்னு சொல்லலையாம். பொண்ணும் இவர்கிட்ட ஒண்ணும் பேசலை. வண்டி கிளம்பும்போது இவர் கடிகாரத்தைப் பார்த்தாராம்."

புதன்கிழமை மூன்று மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு நின்றவரை உட்கார வைத்தவன் நான். மூன்று பத்துக்கு ஒரு பஸ் இருந்தது. எனக்கு அது தெரியும். அக்கா புருஷன் எழுதிய நோட்டில்கூட அது இருக்கிறது, அந்த பஸ் நேரம் மாறவே இல்லை.

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். துளைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பதிவு மேஜைக்காரன், தன் விரலைப் பிடித்து மை தொட்டவன் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது என்றே நினைக்கிறேன். சுவரைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் என்னிடம் கேட்டார்.

"இப்போ நாலு பத்து. சரியா?"

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரிதான் என்றேன்.